ஜல்லிமேட்டில் வண்டி நிற்க ஆள் நிற்க வேண்டும்

ஜல்லிமேடு ஹால்ட்,
பிளாட்பாரம், புங்கமரத்தடி பெஞ்ச்,
வெள்ளிக்கிழமை சாயந்திரம்.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் எபிக்கு,

அத்தான் ஜெபராஜ் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்கா சாராளும் இந்த நிமிடம் வரை சுகமாக இருக்கிறோம். அடுத்த வண்டி வந்து போன பிறகு எப்படி இருப்போம் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கோவிலம்பாக்கத்தில் நீயும் ஜோவிதாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். உன் கட்சிக்காரர்களுக்காகவும் சேர்த்தே ஜெபிக்கிறோம். உன்னை வக்கீலாக வைத்துக்கொண்டவர்களுக்கு அது தேவைப்படும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் தொண்டையைச் செருமி விஷயத்துக்கு வருவதற்குள் “அத்தான், ஒரு நிமிஷம், கிளையன்ட் லைன்ல இருக்காரு” என்று போய்விடுகிறாய். அந்த ஒரு நிமிஷம் இதுவரை முடிந்ததில்லை, உன் கேஸ்களைப் போலவே. தவிர, சும்மா உட்கார்ந்திருந்தால் பயம் கூடுகிறது, அதனாலும் எழுதுகிறேன். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இப்போது வரப்போகிற வண்டியில் ரயில்வே அதிகாரி ஷ்யாம்சுந்தர் வருகிறார். இந்த ஹால்ட் இருக்கலாமா, மூடிவிடலாமா என்று அவர் இன்றைக்கு முடிவு செய்யப் போகிறார். அதே வண்டியில் உன் அக்காவும் தாம்பரத்தில் பள்ளிக்கூட வேலை முடிந்து வருகிறாள். வண்டி நிற்க வேண்டும். அது நிற்பதற்கு நான் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் என் வேலை, இதற்காகத்தான் இத்தனை நாளாக எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

முதலில் உன் அறை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாடியில் எங்களுக்கென்று ஒரு அறையை வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, கட்டில்கூட வாங்கிப் போட்டிருக்கிறாய் என்று ஜோவிதா போட்டோ அனுப்பினாள். உன் நல்ல மனசுக்கு நன்றி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குக்கர் தெரிகிறது என்பதையும் அதே போட்டோவில் பார்த்தேன். இந்த ஹால்ட் போய்விட்டால் நாங்கள் அங்கே வந்துவிடுவதாக உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை மீறமாட்டேன். ஆனால் ஹால்ட் போகாது. ஆகையால் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. அக்காவிடம் தனியாகப் பேசி அவள் மனதைக் கரைக்கவும் வேண்டாம். உன் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு உதவ வருவதும் வேண்டாம். நீ ஒரு விஷயத்தில் கை வைத்தால் அது நம் ஆயுசுக்குள் முடியாது.

நீ இங்கே வரும்போதெல்லாம் “அத்தான், இது ஊரா?” என்று கேட்பாய். ஊர்தான். அந்த அதிகாரி ஒரு பக்கத்துக்கு ஒரு குறிப்பு கேட்டார். நான் ஆயுள் முழுக்க வரலாறும் புவியியலும் நடத்தியவன், ஒரு பக்கத்தில் எனக்கு முன்னுரையே முடியாது. ஒரு குயர் நோட்டு நிறைய எழுதிக் கொடுத்தேன். அதன் சாரத்தை உனக்கும் சொல்கிறேன், வண்டி வர நேரமிருக்கிறது, தாம்பரம் தாண்டி சிக்னலில் நிற்கிறதாம். ஆதியில் இங்கே ஒரு குன்று இருந்தது. தண்டவாளத்துக்கு ஜல்லி வேண்டும் என்று மெயின் லைனிலிருந்து கிளை பிரித்து இங்கே பாதை போட்டார்கள். கல்லுடைக்க வந்தவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள், பாதிப்பேர் முஸ்லிம்கள். குவித்து வைத்த ஜல்லிக்குப் பக்கத்தில் குடிசை போட்டார்கள், அதனால் ஜல்லிமேடு. உடைத்து உடைத்துக் குன்று தரையாகி, தரை பள்ளமாகி, பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. மேடு என்ற பெயரில் பள்ளத்தில் இருக்கும் ஊர் இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான். கல் தீர்ந்த பிறகும் வண்டி பழக்கதோஷத்தில் நின்றுகொண்டே இருந்தது, அதை நம்பி ஜனங்களும் இருந்துவிட்டார்கள். இன்றைக்கு இருபத்துச் சொச்சம் வீடு, ஒரு சின்ன வேதக்கோயில், ஒரு பள்ளிவாசல், மைதீன் பிச்சை பாயின் வெல்டிங் பட்டறை. கிழக்கே தண்டவாளம். வடக்கே குவாரிக் குளம். மேற்கே ஏர்ஃபோர்ஸ்காரர்களின் முள்வேலி, அந்தப் பக்கம் என்ன என்று கேட்கக்கூடாது. தெற்கே ஒரு அடுக்குமாடிக் கம்பெனிக்காரன் போர்டு வைத்திருக்கிறான்: ‘ரயில் நிலையத்திலிருந்து இரண்டே நிமிடம்.’ அவன் சொல்லும் ரயில் நிலையம் இதுதான், எபி. நான் உட்கார்ந்திருக்கும் இந்த பெஞ்சு. இதை மூடினால் அவனுக்குப் போர்டு மட்டும்தான் போகும், எங்களுக்கு வழியே போய்விடும். குளத்தோரம் போகிற மண் ரோட்டுக்கு ஆட்டோக்காரர்கள் வருவதில்லை. மழைக்காலத்தில் அந்த ரோடே வருவதில்லை.

இந்த ஹால்ட்டில் மாஸ்டர் கிடையாது, கொடி கிடையாது, மணி கிடையாது. பெயர்ப் பலகைக்கு அடியில் ஆள் நின்றால் வண்டி நிற்கும், ஆள் இல்லாவிட்டால் போய்விடும். இறங்க வேண்டியவர் உள்ளே இருப்பது டிரைவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாயானால், அதற்குத்தான் எங்கள் ஊர் வழக்கம். யார் வருவதாக இருந்தாலும் அவர் வீட்டிலிருந்து ஒருவர் போய்ப் பலகைக்கு அடியில் நிற்பார். மரியாதைக்கு எதிர்கொண்டு அழைப்பதாகத் தொடங்கியது, போகப் போக அதுவே சிக்னல் ஆகிவிட்டது. வீட்டுக்காரருக்கு வேலையிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட இதற்கு மட்டும் நின்றுவிடுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து உன் அக்கா வரும் சாயந்திர வண்டிக்கு நான்தான் நிற்கிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை இருந்த காலத்திலும் முன்வண்டியில் வந்து, முகம் கழுவிக்கொண்டு, திரும்பப் போய் நின்றிருக்கிறேன். அவள் இறங்கியதும் முதலில் கேட்பது “பாலைக் காய்ச்சினீங்களா?” என்றுதான். கால் வலிக்கவில்லையா என்று ஒரு நாளாவது கேட்டதில்லை. இதை அவளிடம் நீ சொல்ல வேண்டாம்.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்தில் போன மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கிருந்து டிக்கெட் விற்பனையே இல்லை, ஆகவே ஹால்ட்டை எடுத்துவிடலாமா என்று அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். கவுன்ட்டரே இல்லாத இடத்தில் டிக்கெட்டை யார் விற்பது? ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. பட்டறையில் கூட்டம் போட்டோம். மைதீன் பாய்தான் யோசனை சொன்னார்: “சார் தாம்பரத்துல ஏர்றாரு இல்ல? நாம அல்லாரும் முன்னாடியே அங்க போயி, அவரு ஏர்ற பொட்டிலயே ஏறிக்கினு வந்துருவோம். இவ்ளோ ஜனம் ஜல்லிமேட்டுக்குப் போவுதான்னு அவரே மெர்சலாயிடணும்.” எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான். என் படிப்பு எந்த நேரத்துக்கும் உதவியதில்லை, அன்றைக்கும் உதவவில்லை.

குறித்த நாளில் ஊரே பட்டுப்புடவையும் புதுச் சட்டையுமாகத் தாம்பரம் போனோம். படுக்கையிலிருந்தவர்களைக்கூட கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம், ஒரு தலை குறைந்தாலும் நஷ்டம் என்று. பெட்டியில் நிற்க இடமில்லை. ஷ்யாம்சுந்தருக்கு உட்கார இடம் கொடுத்தோம், பாயின் சம்சாரம் குல்ஷன் அவர் கையில் சமோசா வைத்தாள். அவர் உண்மையிலேயே அசந்துபோனார். “இவ்வளவு பேரா சார் ஜல்லிமேட்டுல இறங்குவாங்க?” என்று என்னிடம் கேட்டார். நான் பெருமையாக, “ஒருத்தர் பாக்கியில்லாம இதுலதான் இருக்கோம் சார்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தர் பாக்கியில்லாமல் இதில் இருந்தால், பலகைக்கு அடியில் யார் நிற்பது? எதிரே மைதீன் பாயைப் பார்த்தேன், அவரும் அதே நேரத்தில் என்னைப் பார்த்தார். “சார், நம்ம வூட்ல எவனும் இல்லியே சார்” என்றார். கார்டோ, இத்தனை பேர் உடுத்திக்கொண்டு ஏறியதைப் பார்த்து, அடுத்த ஸ்டேஷனான புதுக்குளத்தின் தர்காவில் சந்தனக்கூடு திருவிழா என்று நினைத்துக்கொண்டாராம். வண்டி குறையாத வேகத்தில் ஜல்லிமேட்டைத் தாண்டியது. நம் கோயில் போனது, பள்ளிவாசல் போனது, ஆளில்லாத பிளாட்பாரம் போனது, அதில் ஒரு ஆடு மட்டும் படுத்திருந்தது. ஊர் மொத்தமும் ஜன்னல் வழியாகத் தன் ஊரைப் பார்த்துக்கொண்டே போனது. ஷ்யாம்சுந்தர் பாதி சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு, “ஸ்டேஷன்ல யாருமே இல்லையே” என்றார்.

புதுக்குளத்தில் இறங்கி எல்லோரும் நடந்தே திரும்பினோம், அவரையும் கூட்டிக்கொண்டு. வெயில். பட்டுப்புடவை எல்லாம் மண். வழி நெடுக நான் அவருக்கு எங்கள் வழக்கத்தை விளக்கிக்கொண்டே வந்தேன், அவர் ஷூவுக்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் சொன்னார்: “சார், நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். நான் பார்த்தது காலி பிளாட்பாரம். ஆனா மனசு கேக்கலை. இன்னொரு தடவை வரேன், எந்த நாள்னு சொல்ல மாட்டேன். கூட்டம் சேர்க்காதீங்க, கார்டுகிட்ட யாரும் பேசாதீங்க. தினமும் எப்படி நடக்குதோ அப்படியே நடக்கட்டும். வண்டி நின்னா இருக்கட்டும்னு எழுதறேன். நிக்காம போனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.” கறாராகச் சொன்னாலும் நல்ல மனிதர். எனக்கு அவரைவிடப் பயம் என் மேல்தான்.

மறுபடியும் கூட்டம். இந்த முறை யாரும் யோசனை சொல்லவில்லை. “சாயங்கால வண்டிக்கு எப்பவும் நீதானே சார் நிப்ப. நீயே நில்லு. நாங்க வூட்டை வுட்டு வெளிய வர மாட்டோம், உன்னை நம்பித்தான் கீது அல்லாம்” என்றார் பாய். இன்றைக்கு ஷ்யாம்சுந்தர் தாம்பரத்தில் ஏறியதைப் பார்த்த நம்மூர்ப் பையன் பாய்க்குச் சொல்ல, பாய் எனக்குச் சொல்ல, நான் வந்து உட்கார்ந்தேன். ‘வந்துகினே கீறாரா, ரெடியா’ என்று பாய் ஓயாமல் போன் செய்வதால் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன். பலகைக்கு அடியில் வெயில் சுடுகிறது, அதனால் இந்த மரத்துக்குப் பின்னால் பெஞ்சில் இருக்கிறேன். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து போனால் போதும்.

எல்லாம் ஒழுங்காக இருந்தும் மனதில் ஒரு முள் இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நேற்றுச் சாப்பிடும்போது உன் அக்காவிடம், “வண்டி நிக்கணும்னு நீயும் ஜெபம் பண்ணு சாராள்” என்றேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, “ஸ்டேஷன் இருந்தா இருப்போம், இல்லைன்னா எபி வீட்டுக்குப் போவோம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். சாதாரணமாகச் சொன்னாள். இந்தச் சேறும் பாம்பும் கரண்ட் போவதும் அவளுக்குச் சலித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் நான் நின்றதும் அவளுக்கு அந்தப் பெயர்ப் பலகை நின்றதும் ஒன்றாகத்தான் பட்டிருக்கிறது. இருந்தாலும் நான் ஹால்ட்டை விடமாட்டேன். அவள் கண்ணுக்கே படாவிட்டாலும் எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

தலைக்கு மேலே ஏர்ஃபோர்ஸ் விமானம் சுற்றிச் சுற்றிப் பயிற்சி எடுக்கிறது, நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே கேட்கவில்லை. இந்தப் பத்தியை முடித்ததும் எழுந்து போய் நின்றுவிடுவேன். ஆகையால் எபி, கட்டிலைக் கொடுத்துவிடு, ஃபேனைக் கழற்றிவிடு, எங்களுக்காக ஒன்றும் செய்யாதே. உனக்கும் ஜோவிதாவுக்கும் கர்த்தர் நீடித்த ஆயுளும், முடிகிற கேஸ் ஒன்றாவதும் தந்தருள்வாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். வேதம் வாசிக்காமல் தூங்க விடாதே.

என்றும் உன் நலம் நாடும் அத்தான்,
ஜெ. ஜெபராஜ்

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது காகிதம் காற்றில் படபடத்தது. காற்று எங்கிருந்து என்று நிமிர்ந்தால், எபி, வண்டி போய்க்கொண்டிருக்கிறது. விமானச் சத்தத்தில் எனக்குக் கேட்கவேயில்லை. ஜன்னலில் ஷ்யாம்சுந்தர், காலிப் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு. நான் பேனாவைப் பிடித்தபடி பலகைக்கு ஓடுவதற்குள் கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் பெருக்கல் குறி என்னைத் தாண்டிவிட்டது. ஊரையே நான் ஒருவனாக மூடிவிட்டேன். அந்த வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பீரோ உன் வீட்டு லிஃப்டில் நுழையுமா என்ற யோசனை வந்தது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

அப்போது கிறீச்சென்று ஒரு சத்தம். பிளாட்பாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. நடுப் பெட்டியிலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உன் அக்கா குதித்தாள். ஜல்லி மேல் வெறுங்காலோடு ஓடி வந்தாள், அவள் ஓடி நான் பார்த்ததேயில்லை. பின்னாலேயே கார்டு, அவர் பின்னால் ஷ்யாம்சுந்தர். வந்தவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். “உயிரோடதானே இருக்கீங்க?” என்றாள். “லெட்டர் எழுதிட்டிருந்தேன்” என்றேன். அதற்கப்புறம் அவள் பேசியதை எழுத மாட்டேன், நீ அவள் தம்பி, உனக்கே தெரியும்.

செயினை இழுத்தது அவள்தான். டிக்கெட் இல்லாமல் பிளாட்பாரத்தில்கூட கால் வைக்காத சாராள். ஷ்யாம்சுந்தர் மூச்சு வாங்கிக்கொண்டு, “அம்மா, காரணமில்லாம செயின் இழுக்கறது குத்தம். ஒத்துக்கிட்டா அபராதத்தோட இப்பவே முடிச்சிடலாம்” என்றார். “காரணமில்லாம இழுக்கலை சார். இவர் நிக்கலை” என்றாள். “நிக்காதது ஒரு காரணமாம்மா?” என்று கேட்டார். “எனக்குக் காரணம்தான். நான் வர்ற வண்டிக்கு இவர் ஒரு நாளும் நிக்காம இருந்ததில்லை. பாலம் திரும்பினதுமே எட்டிப் பார்த்து, சட்டை கண்ணுல பட்ட பிறகுதான் பையைத் தோள்ல மாட்டுவேன். இன்னைக்கு ஆளைக் காணோம். என்னமோ ஆயிடுச்சுன்னு இழுத்தேன். நான் ஒத்துக்க மாட்டேன்.” அவர் அவளைப் பார்த்தார், பிறகு என் சட்டையைப் பார்த்தார். “அப்ப கோர்ட்டுக்குத்தான் போகணும்” என்றார். “போறேன்” என்றாள். “சம்பவம் நடந்த ஸ்டேஷன் கேஸ் முடியறதுக்குள்ள இல்லாமப் போனா, ஜட்ஜுக்கு எதைக் காட்டறது? கேஸ் முடியற வரைக்கும் மூடக்கூடாதுன்னு எழுதிடறேன்” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் மைதீன் பாய் ஓடி வந்து நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார்.

ஆகவே எபி, உதவ வர வேண்டாம் என்று எழுதினேனே, உடனே புறப்பட்டு வா. சாராளுக்கு நீதான் வக்கீல், வேறு யாரிடமும் நாங்கள் போகமாட்டோம். ஊர் முழுக்க இப்போது உன்னைத்தான் நம்பியிருக்கிறது. அவசரப்படாமல் உன் வழக்கப்படியே நடத்து, கிடைக்கிற வாய்தாவை எல்லாம் வாங்கு. அக்கா கூண்டில் ஏறும் நாளெல்லாம் நான் கோர்ட் வாசலில், அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிற்பேன். நீ மட்டும் தயவுசெய்து ஜெயித்துத் தொலைத்துவிடாதே.